அரையரின் நாவன்

அந்தச் சிக்கிமுக்கிக் கல்லை உள்ளே வையுங்கள், பாணரே. முதலில் அதை உள்ளே வையுங்கள். பிறகு பேசலாம்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். கீழ்நாட்டிலிருந்து வருகிற எல்லாரும் இப்படித்தான். குளிர் எலும்பைத் தொட்டதும் கை தானாகப் பைக்குள் போகும். இந்த மலையில் முதல் பனி விழுந்த நாளிலிருந்து கொன்றை பூக்கும் வரைக்கும் நெருப்பு கிடையாது. அடுப்பு கிடையாது, விளக்கு கிடையாது. மலை தூங்குகிறது. நிஜமாகத்தான். உள்ளங்கையை இப்படித் தரையில் வையுங்கள். கொஞ்சம் பொறுங்கள். தெரிகிறதா? அதுதான் மூச்சு. அது ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் நீங்கள் நூறு எண்ணிவிடலாம். அதன் தோல்மேல் சூடு பட்டால் புரண்டு படுக்கும். என் அப்பா பிறப்பதற்கு முன்னால் ஒரு முறை புரண்டதாம். கிழக்குச் சரிவில் இரண்டு ஊர் இருந்த இடத்தில் இப்போது சுனைதான் இருக்கிறது.

உள்ளே வாருங்கள். இந்த இரண்டு ஆட்டுக்கும் நடுவில் உட்காருங்கள். அந்தக் கிடாய் முட்டாது, கிழடு. மூன்று மாதமும் நாங்கள் இப்படித்தான். மலைக்காரன் பெண்டாட்டியைவிட ஆட்டோடு நெருக்கம் என்று கீழே கேலி பேசுவீர்களாமே. பேசுங்கள். அவல் சாப்பிடுகிறீர்களா? ஊறவைத்தது, தேன் விட்டிருக்கிறேன். வேண்டாமா? கொஞ்சம் சாப்பிடுங்களேன். பார்த்தீர்களா, இரண்டாம் தடவை கேட்டதும் கையை நீட்டிவிட்டீர்கள். இங்கே அப்படிச் செய்தால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் எதையும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கிறவனுக்கும் அது தெரியும். மூன்று முறை கேட்பான். கேட்காமல் விட்டால், கொடுக்க அவனுக்கு மனம் இல்லை என்று அர்த்தம். சின்ன விஷயம்தான். சாப்பிடுங்கள்.

நேற்று சந்தைமேட்டில் நீங்கள் பாடியதைக் கேட்டேன். அரையர் கொற்றனார் பாட்டு. குரல் நன்றாக இருந்தது. பெற்ற மகனையே குளிருக்குக் கொடுத்த மலைக்காவலர், கடமைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்று கடமையின் பக்கம் சாய்ந்தவர். எல்லாம் சரி. பெண்கள் அழுதார்கள். ஆண்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பாட்டில் நாவன் எங்கே?

நாவன் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரியாமல்தான் பாடியிருக்கிறீர்கள். நான்தான் நாவன். தித்தன் என் பெயர். முப்பத்தெட்டு வருஷம் கொற்றனாருக்கு நான்தான் வாய்.

இந்த மலையை முதல் அரையர் பாடித் தூங்க வைத்தார் என்பார்கள். அவருக்குப் பிறகு மலைக்காவலுக்காகக் கையில் காப்புக் கட்டிக்கொள்கிறவர் யாரோ அவருடைய குரலும் மலைக்கு அதே குரல்தான். அந்தக் குரல் வெட்டவெளியில் உயர்ந்தால், கூப்பிடுகிறார்கள் என்று மலை எழுந்துவிடும். நெருப்பாவது தோலில்தான் படும். அரையர் குரல் உள்ளே போகும். அதனால் காப்புக் கட்டிய அரையர் உரக்கப் பேசுவதில்லை. வீட்டுக்குள்ளே, சுவரெல்லாம் கம்பளம் தொங்கவிட்ட அறையில், மெல்லப் பேசலாம். வெளியே வந்தால் வெறும் மூச்சு. அந்த மூச்சு விழுகிற காது நாவன் காது. நாவன் அதை உரக்கச் சொல்வான். தீர்ப்பு என்றால் மூன்று முறை சொல்வான். மூன்றாம் முறை சொல்லி முடித்ததும் அது சட்டம். அரையரே நினைத்தாலும் மாற்ற முடியாது. வேறு யார் காதில் அவர் எதை ஓதினாலும் அது செல்லாது.

நாவன் தப்பாகச் சொல்லிவிட்டால்? நல்ல கேள்வி. அரையர் பின்னாலிருந்து, கூட்டத்துக்குத் தெரியாமல், அவன் கம்பளியின் நுனியை இழுப்பார். அவன் உடனே நிறுத்தி, குனிந்து, மறுபடி கேட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்வான். முதல் இருபத்தேழு வருஷத்தில் என்னை இரண்டே முறைதான் இழுத்தார். ஒரு முறை ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை ஆடு திருடியவனுக்கு, மாடு திருடியவனுக்கு உண்டான தண்டனையைச் சொல்லப் போனேன். ஆடு திருடியவனே கூட்டத்திலிருந்து "நாவரே, நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லைங்க" என்று கத்தினான். அரையருக்குச் சிரிப்பு. சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கும், அவர் சிரித்தால்.

நெருப்பு வைத்தவனுக்கு இரண்டு தண்டனை உண்டு. ஒன்று குளிர். மேலே பனிக்கல் என்று ஒரு பாறை. கம்பளியை வாங்கிக்கொண்டு அதில் உட்காரவைத்துக் கட்டிவிடுவார்கள். மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் முடிந்துவிடும். இன்னொன்று இறக்கம். கீழ்நாட்டுக்கு இறக்கிவிடுவது. திரும்பி மலையேறக் கூடாது. எது என்று சொல்வது அரையர் கையில் இருக்கிறது. இரண்டும் சட்டம்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சட்டம்தான்.

முதலில் என் வீட்டு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மனைவி மருதிக்கு அந்த வருஷம் பனிக்காய்ச்சல். நான் அரையர் மாளிகையிலேயே இருக்க வேண்டிய சமயம். வீட்டில் சாத்தன் மட்டும் அவளோடு. எங்களுக்கு ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது. மூன்று நாள் அவள் ஒன்றும் விழுங்கவில்லை. நான்காம் நாள் காலை நான் போனபோது எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் கஞ்சி. வாங்கினேன். கிண்ணம் சுட்டது.

"என்னடா இது?"

"ஒரு கைப்பிடி முள்ளுதாம்ப்பா. பானைக்கு அடியில வச்சு, சுத்தி ஈரக் கம்பளியைப் போட்டு மூடிட்டேன். புகைகூட வெளிய வரலை."

"மலை?"

"லேசா ஒரு தடவை சிலிர்த்துச்சு. மாடு ஈயை ஓட்டுமே, அந்த மாதிரி. அவ்வளவுதான்."

மருதி என்னைப் பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருக்கீங்களே. கொடுங்க, குடிச்சு முடிச்சிடுறேன். கிண்ணத்தைக் கழுவிட்டா யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரிந்திருக்காது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தெரியுமே. இருபத்தொரு வருஷம் நெருப்பு வைத்தவர்களுக்கெல்லாம் என் வாயால் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக் கிண்ணம் சுடலாமா? அதோடு, பக்கத்து வீட்டுக்காரிக்கு நாய் மூக்கு. அவள் போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னால் அரையர் பார்த்து ஏதாவது செய்வார் என்று கணக்குப் போட்டேன். நேராகப் போய்ச் சொன்னேன்.

அரையர் என்னைக் கம்பள அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். மூச்சு அளவுக்குத்தான் பேசினார், என்னோடு அதுதான் அவருக்குப் பழக்கம்.

"தித்தா, உன் ஒரே பிள்ளை. இறக்கிவிட்டுடலாமா? நீ சொல்லு."

இந்த மலையில் பிறந்தவன் இதற்கு என்ன சொல்வான், பாணரே? உடனே கையை நீட்டுவானா? "சட்டம் எதுவோ அதைச் செய்யுங்க அரையரே. எனக்காகப் பார்க்க வேண்டாம்" என்றேன். அது முதல் முறை. முதல் முறை அப்படித்தான் சொல்ல வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்தார். தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "உன்னை மாதிரி ஒரு நாவன் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார். எழுந்து போய்விட்டார்.

வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன். திரும்பிக் கேட்பார் என்று. கேட்கவில்லை. ஒரு முறைதான் கேட்டார். ஒரே ஒரு முறை.

அரையர் வீட்டில் பிறந்தவர்களிடம் யாரும் எதையும் மூன்று முறை கேட்பதில்லை, அவர்கள் நினைப்பதற்குள் கைக்கு வந்துவிடும், அதனால் அவருக்கு அந்த வழக்கமே தெரிந்திருக்காது என்று பிறகு சிலர் சொன்னார்கள். தெரியாமல் இருக்குமா? மலைக்கே காவலர். ஊர் வழக்கம் தெரியாதா?

மறுநாள் தீர்ப்பு மேடையில் குனிந்தேன். "குளிர்" என்றார். நிமிர்ந்து சொன்னேன். ஒரு முறை. சாத்தன் அரையரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "அப்பா, இன்னொரு தடவை அவர்கிட்ட கேளுப்பா" என்றான். நாவன் கேட்கக் கூடாது. இழுத்தால்தான் குனிய வேண்டும். கம்பளி நுனியில் அவர் விரல் படும், படும் என்று நின்றேன். முதுகு முழுக்கக் காதாக இருந்தது. படவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். படவில்லை. மூன்றாம் முறையும் சொன்னேன். என் குரல் நடுங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் மத்தியானம் சாத்தனைப் பனிக்கல்லிலிருந்து அவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் எயினன். அரையரின் மகன். வேலைக்காரர்களை விடவில்லை. வாசலில் இறக்கி வைத்துவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நல்ல பிள்ளை. அதை நான் எப்போதும் சொல்வேன்.

மருதி பிழைத்துக்கொண்டாள், அந்தக் கஞ்சியால். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "நீங்களா போய்ச் சொன்னீங்க?" ஆமாம் என்றேன். அதன் பிறகு சூடாக எதையும் அவள் வாயில் வைக்கவில்லை. கோடையில், ஊரே சோறு பொங்கித் தின்கிற காலத்தில், பழைய சோற்றைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பாள். எனக்கு ஆவி பறக்க வடித்துப் போடுவாள், தன் பங்கை ஆற வைப்பாள். இரண்டு வருஷம். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பெண்களுக்கு மனதை அடக்கத் தெரியாது, என்ன செய்வது? நான் என் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் தவறவில்லை.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருகிறேன்.

சாத்தன் போய் ஆறு வருஷம். அந்த வருஷம் எயினன் கிழக்குக் கணவாயில் காவல். உப்பு விற்கிற ஒரு குடும்பம், புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை, வழி தவறிப் பனியில் மாட்டிக்கொண்டது. குழந்தை நீலம் பாரித்துக் கிடந்ததாம். எயினன் சுள்ளி பொறுக்கி நெருப்பு வைத்தான். சின்ன நெருப்பு இல்லை, நன்றாகவே வைத்தான். குழந்தை பிழைத்துவிட்டது. மலை அசைந்தது. ஒரு விளிம்பு பெயர்ந்து விழுந்து நாற்பது ஆடு போயிற்று. ஓர் இடையனுக்குக் கால் நசுங்கியது. என் மகன் வைத்த நெருப்பில் ஒரு பானைகூட ஆடவில்லை. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கிறவன் இல்லை நான்.

தீர்ப்பு நாளில் அப்படி ஒரு கூட்டம். பனி கொட்டுகிறது, ஒருவரும் நகரவில்லை. நான் மேடைக்குப் போகிற வழியில் வெண்ணெய் விற்கிற கோதை மறித்தாள். வாய்த்துடுக்குக்காரி.

"என்ன நாவரே, இன்னிக்கு உங்க வாயில தேனா வரப்போகுது?"

"வழியை விடு."

"அரையர் வீட்டு நெருப்பு சுடாதாமே. நாவர் வீட்டு நெருப்புதான் சுடுமாம். எங்க மாமியார் சொன்னாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "விடு கோதை, அவர் வாய் அவரோடதா? வாடகைக்கு விட்டிருக்காரு" என்றான். அதற்கும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டேன். இப்படிப் பேசுகிற ஊர், எயினனை இறக்கிவிட்டால் அரையரை என்ன பேசும்? அவர் பெயர் என்ன ஆகும்? இதுதான் அப்போது என் மனதில் இருந்தது. இது மட்டும்தான்.

மேடையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஓர் இரவில் முகம் சுருங்கிப் போயிருந்தது. அவர் இடது பக்கம் நான். எதிரே பத்தடி தள்ளி எயினன், கை கட்டப்பட்டு. எயினனின் அம்மா பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றார். கையில் ஒரு மூட்டை. மகனுக்கு வழிக்குக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. அப்படியானால் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

குனிந்தேன். அவர் மூச்சு சூடாக இருந்தது. "இறக்கம்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு, தீர்ப்பில் சேராத ஒன்றையும் சொன்னார், "என்னை மன்னிச்சுக்க தித்தா" என்று.

அது எதற்கு? நான் கேட்டேனா?

நிமிர்ந்தேன். இறக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். வந்தது குளிர். முதல் முறை அது தானாக வந்தது. இரண்டாம் முறை நானாகச் சொன்னேன். மூன்றாம் முறை நன்றாகச் சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

இழுத்தாரா என்று கேட்கிறீர்களா? உங்கள் பாட்டில், துக்கம் தாங்காமல் அரையர் பக்கத்தில் இருந்த ஒரு சேவகனின் உடையைப் பற்றிக்கொண்டார் என்று ஒரு வரி பாடினீர்களே. அந்தச் சேவகன் நான்தான். அது பற்றிக்கொண்டது இல்லை. முதல் முறை சொன்னதும் இழுத்தார். நான் குனியவில்லை. இரண்டாம் முறைக்குப் பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். கம்பளி தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. கூட்டம் அதைப் பார்த்து 'ஐயோ, ஐயோ' என்று அழுதது. பிள்ளைப் பாசம், பார், நிற்க முடியாமல் பிடித்துக்கொள்கிறார் என்றார்கள். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். அதனால் திரும்பவில்லை.

அப்போது அவர் எழுந்தார். இதை நான் மட்டும்தான் சரியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் ஓரக்கண்ணால் பார்த்தேன். எழுந்து வாயைத் திறந்தார். நெஞ்சு மேலே ஏறியது. இருபத்தேழு வருஷமாக வெட்டவெளியில் எழும்பாத குரல், தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும், மூன்றாம் முறை சொல்வதற்குள் தீர்ப்பு நின்றிருக்கும். மலையும் எழுந்திருக்கும். சரிவில் நாலாயிரம் பேர், அதில் பாதி அந்த மேடையைச் சுற்றி. அந்த உப்புக்காரர் குழந்தையும் அங்கேதான் இருந்தது.

எயினன் அப்பாவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தலையை ஆட்டினான், இப்படியும் அப்படியும், மெதுவாக. "வேண்டாம்ப்பா" என்றான். "மலைக்குக் கேட்டுடும்."

அவர் வாய் திறந்தபடியே நின்றார். நான் மூன்றாம் முறை சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். உங்கள் பாட்டெல்லாம் இந்த ஓர் இடத்திலிருந்து முளைத்ததுதான். கடமையா பிள்ளையா என்று அரையர் நின்றார் என்று பாடுகிறீர்களே, நின்றார், உண்மை. ஆனால் அந்த இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது யார்? நான் இறக்கம் என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு ஏது பாட்டு? மகனைக் காப்பாற்றிக்கொண்ட இன்னொரு பெரிய மனிதர், அவ்வளவுதான். கோதை மாதிரி ஆட்கள் சந்தையில் வைத்துக் கேலி பேசியிருப்பார்கள். இன்றைக்கு ஏழு நாட்டிலும் அவர் பெயர் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு நாவன் இருக்கிறான். பாட்டில் அவனுக்கு ஓர் அடிகூட இல்லை. சேவகனாம்.

எயினன் போனான். சாத்தன் உட்கார்ந்த அதே கல்தான், வேறு கல் கிடையாது. பொழுது விடிவதற்குள்ளேயே முடிந்துவிட்டது என்றார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு வர நான் போகவில்லை. எனக்கு முதுகு வலி.

மூன்றாம் நாள் அந்த அம்மையார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்பள அறை. அரையர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மையார் நின்றுகொண்டிருந்தார்.

"தித்தா, இவர் இறக்கம்னு சொன்னதா சொல்றாரு. நீ மாத்திச் சொல்லிட்டன்னு சொல்றாரு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. இவர் உன் காதுல என்ன சொன்னார்?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாவன் மாற்றிச் சொன்னான் என்று ஒரு தடவை ஆகிவிட்டால், இருபத்தேழு வருஷத் தீர்ப்பும் என்ன ஆகும்? தண்டனை வாங்கின ஒவ்வொருவனும் வந்து வாசலில் நிற்பான். அரையர் வீட்டுச் சொல்லுக்கே மதிப்பு இருக்காது. அவருக்காகத்தான் சொன்னேன்: "குளிர்னுதான் சொன்னாரு அம்மா."

அரையர் என்னைப் பார்த்தார். அம்மையார் அவர் பக்கம் திரும்பி, "இருபத்தேழு வருஷமா இவன் சொன்னதுதானே உங்க சொல்லு. இப்ப மட்டும் இல்லாம போயிடுமா?" என்றார். பிறகு, "அப்படியே இவன் மாத்தித்தான் சொன்னான்னு வச்சுக்குவோம். நீங்க ஏன் கத்தலை?" என்றார். அம்மையார் அன்றைக்கே கீழ்நாட்டில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. மகனுக்குக் கட்டின மூட்டையைத்தான் எடுத்துக்கொண்டு போனார் என்று வேலைக்காரி சொன்னாள்.

என்னை வேலையை விட்டு எடுத்தாரா? எப்படி எடுப்பார்? எடுத்தால் ஏன் என்று ஊர் கேட்குமே. இன்னும் பதினோரு வருஷம் நான்தான் நாவன். மேடையில் குனிவேன். சொல்வார். சொல்வேன். ஒரு வார்த்தை அதிகம் சொல்ல மாட்டார். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒருவனுக்குக்கூடக் குளிர் வரவில்லை. எல்லாருக்கும் இறக்கம். நானும் சொன்னபடியே சொன்னேன், ஓர் எழுத்து மாற்றாமல். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குள் பாட்டு வந்துவிட்டது. உங்களுக்கு முன்னால் எத்தனையோ பாணர்கள். திருவிழாவில் பாடுவார்கள், கல்யாணத்தில் பாடுவார்கள். அவரையே மேடையில் உட்காரவைத்து எதிரில் நின்று பாடுவார்கள். மகனைக் கொடுத்த மாமலை என்பார்கள். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பரிசு கொடுத்து அனுப்புவார். என்ன செய்வார், பாட்டு தப்பு என்று கத்த முடியுமா?

கடைசி வருஷம் படுக்கையில் விழுந்தார். நினைவு தட்டுத் தடுமாறியது. இருந்திருந்தாற்போல எயினனுக்குச் சாப்பாடு போட்டாயிற்றா என்று கேட்பாராம். பிறகு ஞாபகம் வந்துவிடும். ஒரு நாள் மத்தியானம் என்னை வரச் சொன்னார். போனேன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார். நான் பழக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தேன். "நிமிர்ந்து உட்காரு" என்றார். குரலில். முப்பத்தெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் குரலைக் கேட்கிறேன். மெலிந்த குரல். ஒரு நாடே நடுங்கின சொல்லுக்கு இவ்வளவுதானா குரல் என்று இருந்தது.

"தித்தா, எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை. ஒண்ணே ஒண்ணு தெரியணும். எயினன் விஷயத்துல நான் இறக்கம்னு சொன்னதா ஒரு நினைப்பு இருக்கு. ஆனா ஊரே வேற சொல்லுது. பாட்டும் வேற சொல்லுது. கேட்டுக் கேட்டு எனக்கே இப்ப உறுதியா தெரியலை. நானே குளிர்னு சொல்லிட்டு, தாங்க முடியாம உன் மேல பழியைப் போட்டு வச்சிருக்கேனோன்னு பயமா இருக்கு. நீதான் பக்கத்துல இருந்த. உன் காதுலதான் சொன்னேன். என்ன சொன்னேன்?"

சொல்கிறேன் கேளுங்கள். நான் கல் இல்லை. ஆனால் இந்த மனிதர் எவ்வளவு பெரிய பெயரோடு போகப்போகிறார் என்று பார்த்தேன். இறக்கம் என்று சொன்னீர்கள் என்று நான் சொன்னால் என்ன ஆகும்? அவருக்கு அந்தப் பெயர் இல்லை. அவர் ஓர் அப்பா, அவ்வளவுதான். என்னைப் போல.

"குளிர்னு சொன்னீங்க அரையரே" என்றேன். "குரல் நடுங்காம சொன்னீங்க."

"நானா?"

"நீங்கதான்."

"அப்ப அவன் அம்மாகிட்ட நான் பொய்யா சொன்னேன்?"

"பெத்த மனசு. அந்த நேரத்துல வேற என்ன சொல்வீங்க."

மேல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது, துடைக்கவில்லை. "அப்ப நான்தான்" என்றார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு யாரிடமும் பேசவில்லையாம். தண்ணீர் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாராம். நான்காம் நாள் போய்விட்டார்.

தான் யார் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு சாகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள். அதைக் கொடுத்தவன் நான். பாட்டில் அதைச் சேருங்கள்.